ரத்தம் பத்தலைன்னு சொல்லி அனுப்பிவிடாதீர்கள்

மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் ஒரே தீர்ப்புதான்: "உடம்புல ரத்தம் இல்ல, அதான்." உடனே முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம். தெருமுனை கிளினிக்கிலும் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிடுகிறார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி, வலிக்கிறவளைத் தவிர.

இந்த நம்பிக்கை பொய்க்காததுபோல் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பல்வலி என்று வந்தவர்களைச் சோதித்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருக்கும். கூட இருப்பதெல்லாம் காரணமாகிவிடுமா? ரத்தசோகை களைப்பைத் தரும், மூச்சு வாங்கவைக்கும். மாதாமாதம் அடிவயிற்றைப் பிசைந்து, மலம் கழிக்கும்போதுகூட உயிர்போகிற வலியைத் தராது.

அந்த வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். கருப்பையின் உட்படலம் போன்ற திசு, சினைப்பையிலும் குடல்மேலும் வளரும் நோய். இனப்பெருக்க வயதில் ஏறத்தாழ 10 பெண்களில் ஒருவருக்கு வருவது. கொடுமை என்னவென்றால், இங்கே இரும்பு இருக்கக்கூடாத இடத்தில் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறது. மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் ஒழுகுவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதே. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களில் நோயின் தோற்றத்தை இதை வைத்துத்தான் விளக்கினார். ஒழுகிய சிவப்பணுக்களை விழுங்கணுக்கள் தின்று செரித்துவிடும். இந்த நோயுள்ளவர்களுக்கு அந்தத் துப்புரவு போதுவதில்லை. சிவப்பணுக்களிலிருந்து மிஞ்சும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துகளை உண்டாக்க, அது திசுவைச் சுட்டு அழற்சியைக் கிளப்புகிறது. சினைப்பையில் வரும் 'சாக்லேட் கட்டி'யைக் கீறினால் வழியும் காப்பி நிறக் குழம்பு, தேங்கிய பழைய ரத்தம்தான். சீரத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இரும்பு அதில் உண்டு. இந்நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குச் சிவப்பணுக்களைச் செலுத்தியபோது இத்திசுவின் உயிரணுப் பெருக்கம் கூடியது. இரும்பைப் பிடித்து அகற்றும் மருந்தைக் கொடுத்தபோது குறைந்தது. நோயைத் தொடங்கிவைப்பதும் இரும்புதானா, வளர்ப்பது மட்டுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதைக் கேட்டதும் கீரையையும் மாத்திரையையும் குப்பையில் போடச் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் உளறல். வயிற்றுக்குள் குவிந்திருப்பது அவள் சொந்த ரத்தம் கசிந்து சேர்ந்த இரும்பு, கீரையிலிருந்து நேரே வந்ததல்ல. அதே பெண்ணுக்கு, உதிரப்போக்கு அதிகமென்றால், ரத்தசோகையும் சேர்ந்தே இருக்கலாம். அப்படியானால் மாத்திரை அவளுக்குத் தேவை. ஆனால் சீட்டை எழுதிய கையோடு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் அநியாயம். வலியால் பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை, கல்யாணமானவள் என்றால் உறவின்போது வலிக்கிறதா, மலம் கழிக்கும்போது வரும் வலி அந்த நாட்களில் அதிகமாகிறதா என்று யார் கேட்கிறார்கள்? ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்தாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். வயிற்றுறையில் படர்ந்த சின்னச் சின்னப் புள்ளிகள் பெரும்பாலும் ஸ்கேனில் சிக்குவதில்லை.