சைலன்சர் வாங்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்!



நம் ஆட்டோமொபைல் பிரிவில் கார் என்றாலே ஒரே பேச்சுதான். அகலமான சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், "பிக்கப் பிச்சுக்கும்டா!" எல்லாம் மாட்டின பிறகு கடைசியாகச் செய்வது டியூனிங் என்று நினைக்கிறோம். என் கருத்து நேர் எதிர். டியூனிங்கை முதலில் தீர்மானித்துவிட்டு, அது கேட்கும் சாமானை மட்டும் வாங்க வேண்டும்.

அப்பா சுமை தூக்குபவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே கேலியாக என் பெயர் 'இஞ்சினியர்'.

போன வருஷம் ஒரு டிரைவர் அண்ணன் கடன் வாங்கிப் பிடித்த பழைய கார்புரேட்டர் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். "பிக்கப் வேணுமுங்க" என்றார். ஃபில்டரை மாற்றி, பெரிய பைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னே தள்ளினோம். மெயின் ஜெட்டைத் தொடவே இல்லை.

1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று, முழு சக்திக்கு 13-க்குக் கீழே என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் சூடு ஏறும், அதில் டைமிங்கும் முந்தினால் நாக்கிங் வரும். எனக்குத் தெரியும். "படிச்ச திமிரு"ன்னு சொல்லிடுவாங்களோன்னு வாயை மூடிக்கிட்டேன். மூன்றாம் வாரம் ஊட்டி மலை ஏறும்போது பிஸ்டன் ஓட்டை. அந்த அண்ணனுக்கு ஒரு மாசப் பிழைப்பு போச்சு.

கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் பார்க்க எத்தனை நேரம் ஆகிவிடும்? ஒன்று குறைந்தால் காசு அங்கேதான் போக வேண்டும். பிளக் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி பிடித்தால் அதிகம், இளம் பழுப்பு சரி. பிறகு சக்தி எங்கே வேண்டும் என்று கேட்க வேண்டும். மலை ஏறுபவருக்குக் குறைந்த ஆர்.பி.எம்-இல் இழுவை தேவை. பெரிய பைப் அதையே குறைத்துவிடலாம். இன்ஜெக்‌ஷன் கார் என்றால் இ.சி.யு. மேப்பில் என்ன மாறும் என்பதே முதல் கேள்வி. சக்தி கூடினால் பிரேக்கும் கிளட்ச்சும் தாங்குமா? சட்டமும் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆசைக்கு ரேஸ் டிராக் இருக்கிறது, நம்ம செட்டிப்பாளையத்திலேயே!

போன மாசம் ஒரு பையன் சைலன்சர் கேட்டு வந்தான். "முதல்ல பிளக்கைக் கழட்டிப் பார்க்கலாமுங்களா?" என்றேன். பக்கத்துக் கடைக்குப் போய்விட்டான். முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.