நீல ஜேயும் பனிக்கால விருந்தும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்ப்பாகத்திலே, பனி நிலத்தை மூடிய நாட்களில், கொல்லைப்புறத்தில் மரத்தட்டொன்றை நிறுத்தி, நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் பறவைகட்கு இடுவது இல்லறத்தார் பலர்க்கு வழக்கம். அத்தட்டை நாடி வருவனவற்றுள் நீல ஜே என்பது ஒன்று. (நம் நாட்டுப் பனங்காடையையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே வழங்கினர், அது வேறு, இது வேறு. இது காக்கையினத்தைச் சார்ந்தது.) இதனை முரடனென்றும் திருடனென்றும் பழித்து, வரக்கண்டவுடன் கைதட்டி ஓட்டுவாரும் அங்கு உளர். அது நீதியன்று என்பது எமது கருத்து.

அன்னோர் கூறும் குற்றம் இரண்டு. சிறு பறவைகளை வெருட்டுகின்றது என்பது ஒன்று, அது மெய்யே. உண்ணுமளவினும் மிகுதியாக வாரிச் செல்கின்றது என்பது மற்றொன்று. இதுவோ குற்றமன்று, அதன் இயல்பு. இப்பறவை தொண்டைப் பையிலும் வாயிலும் அலகின் நுனியிலுமாக ஒரே தடவையில் ஐந்து ஓக் கொட்டைகள் வரை சுமந்து சென்று, அவற்றைத் தனித்தனியே மண்ணிற் புதைத்து இலையால் மூடிவைக்கும். பசித்த காலத்துத் தோண்டியெடுப்பன போக, எஞ்சியவற்றுட் பல முளைத்து மரமாகும். வர்ஜினியாவில் ஓரிடத்து ஓக் மரங்களை ஆராய்ந்தோர் 1981-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பருவத்தில் இப்பறவைகள் கொண்டுபோய்ப் புதைத்த கொட்டைகள் 1,33,000. அவை சென்ற தூரம் சராசரி 1.1 கிலோமீட்டர். கூலியின்றிக் காடு வளர்க்கும் இத்தகைய உழவனைப் பத்துக் கடலைக்காகத் திருடனென்பதோ?

நிற்க. அங்ஙனமாயின் வரம்பின்றி இரையிடலாமோ எனின், அதற்கும் யாம் உடன்படோம். புளோரிடாவில் வாழும் புதர் ஜே என்னும் அருகிய இனத்தின் செய்தி இங்கே கருதற்பாலது. ஊர்ப்புறத்தில் மாந்தர் இட்ட இரையை உண்டவை காலத்திற்கு முன்னரே முட்டையிட்டன. குஞ்சு பொரித்தபோதோ அவற்றிற்கு ஊட்டப் போதிய புழுக்கள் இல்லை. கடலை தாய்ப்பறவையின் பசியைத் தீர்க்கும், குஞ்சை வளர்க்காது. அவ்வினத்திற்கு இரையிடுதலை அந்நாட்டுச் சட்டம் விலக்கியிருப்பது தக்கதே.

நீல ஜேயின் நிலை அத்துணை இடருடையதன்று. எனினும் இரையிடுவார், உப்பிடாத கடலையையே இடுக. தட்டை அடிக்கடி கழுவியுலர்த்துக. 1994-ம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சிட்டினமொன்றிற் பரவிய கண்ணோய்க்கு இத்தகைய தட்டுகளும் துணை செய்தன. சிறு பறவைகட்கெனக் கம்பிவலை சூழ்ந்த தட்டொன்றைச் சற்றுத் தொலைவிலே தொங்கவிடின், ஜேயின்மீது சாற்றிய முதற்குற்றமும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.