ஜிகினா பேப்பர் நமக்கு எதற்கு?

கல்யாணம் முடிந்த மறுநாள் மணமக்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பரிசுகளைப் பிரித்துப் போட்ட ஜிகினா பேப்பர் மலைபோலக் குவிந்து கிடக்கும். அள்ளினால் இரண்டு சாக்கு வரும். பழைய பேப்பர்காரரிடம் போட்டால், "இதெல்லாம் எடுக்கிறதில்லைம்மா" என்று ஒதுக்கி வைத்துவிடுவார். பெயர்தான் பேப்பர். பளபளக்கிற வகைகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கையில் கசக்கிப் பாருங்கள். வெறும் காகிதம் உருட்டியது உருட்டியபடி இருக்கும். பிளாஸ்டிக் என்றால் மெல்ல விரிந்து கொள்ளும்.

நம் வழக்கத்தில் பரிசை மூடிக் கொடுக்கிற பழக்கமே அதிகம் கிடையாது. வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் வைத்து, எல்லோரும் பார்க்கத்தானே கொடுத்தோம்? இப்போது சீர்வரிசைத் தட்டைக்கூடக் கண்ணாடிப் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டித் தூக்கி வருகிறார்கள். உள்ளே இருக்கும் வாழைப்பழம் வேர்த்துப்போய்க் கிடக்கிறது.

தாம்பூலப் பை விஷயத்தில் இன்னொரு ஏமாற்று. துணி மாதிரியே இருக்கும், ஆனால் துணி அல்ல. அழுத்தி ஒட்டிய பிளாஸ்டிக் இழைதான் அது. கொஞ்சநாள் வெயிலில் கிடந்தால் தூள் தூளாக உதிரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களில் இந்த வகைப் பையும் உண்டு. இனிப்புப் பெட்டிக்கும் பத்திரிகைக்கும் மேலே சுற்றுகிற பிளாஸ்டிக் தாளை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தமிழக அரசு ஒரு இயக்கமே தொடங்கியது. ஆனாலும் முகூர்த்த நாளில் பந்தி முடிந்து வெளியே வருகிறவர்கள் கையைப் பாருங்கள், தெரியும்!

அசல் மஞ்சப்பை கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணமக்கள் படத்தைப் பெரிதாக அச்சடித்த பையை யார் காய்கறிக் கடைக்கு எடுத்துப் போவார்கள்? கூச்சமாக இராதா? அது பீரோ அடியில்தான் கிடக்கும். ஒரு தேங்காய் மட்டும் கொள்ளுகிற குட்டிப் பையும் அப்படித்தான். பருத்தி விளைவதற்கும் சாயம் போடுவதற்கும் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது! அந்தப் பை பல வருஷம் உழைத்தால்தான் அதற்கு அர்த்தம். இரண்டு கிலோ காய் தாங்குகிற அளவில் தைத்து, பெயரை ஓரத்தில் சின்னதாகப் போட்டால் போதும்.

பரிசு கட்டுவதற்கு நம் வீட்டிலேயே எத்தனையோ இருக்கிறது. ஒரு ரவிக்கைத் துணியை விரித்து, நடுவில் டப்பாவை வைத்து, எதிரெதிர் முனைகளைச் சேர்த்து இரண்டு முடிச்சுப் போடுங்கள். ஒரு சாண், ஒன்றேகால் சாண் டப்பா வரை தாராளமாகக் கட்டலாம். கட்டுச்சோற்று மூட்டை கட்டத் தெரிந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். (கொலு முடிந்தால் வீடு வீடாகச் சுற்றி நம்மிடமே திரும்பி வருமே சில பிட்டுகள், அவற்றைச் சொல்லவில்லை. பருத்தியாகப் பாருங்கள்.) அதைவிட அழகு ஓலைப் பெட்டி. செட்டிநாட்டில் கல்யாணத்துக்குக் கொட்டானில் வைத்துக் கொடுப்பார்கள். மணப்பாட்டில் பெண்கள் பனை ஓலையில் முடைகிற பெட்டிகளைப் பார்த்தால் வைத்த கண் வாங்க முடியாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒரு வெயில் காட்டினால் சரியாகிவிடும். ஜிகினா பேப்பருக்குப் போகிற காசு முடைகிற கைக்குப் போகட்டுமே.

சொல்வது சுலபம், செய்தால் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. என் மகள், வகுப்புத் தோழியின் பிறந்த நாளுக்குக் கதைப் புத்தகம் ஒன்றை, படக்கதை வந்த செய்தித்தாளில் பொதிந்து, சணல் கயிறு கட்டி, வாசலில் பூத்த செம்பருத்தி ஒன்றையும் செருகி எடுத்துப் போனாள். அங்கே வந்திருந்த ஒரு அம்மாள், "உங்க வீட்டுல கிஃப்ட் பேப்பர் கூட வாங்க மாட்டாங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். குழந்தை முகம் தொங்கிப்போய் வந்து, "இனிமே இப்படிக் கட்டாதீங்கம்மா" என்றாள். அவளை நான் கோபிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஊரையா திருத்தும்?

அதனால்தான் சொல்கிறேன், இதை வசதி உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டும். கைக்கு எட்டாதவள் செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தால் இல்லாமை என்பார்கள், நடுத்தரக் குடும்பத்தில் செய்தால் கஞ்சத்தனம் என்பார்கள். காரில் வந்து இறங்குகிற அத்தையோ, நாத்தனாரோ ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், "அட, எங்கே வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். அடுத்த விசேஷத்தில் நாலு பேர் கொண்டு வருவார்கள். பட்டுப்புடவை மோஸ்தரே அப்படித்தானே பரவுகிறது!

வருகிற தையில் என் கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம். முந்நூறு காடாத் துணிப் பைக்குச் சொல்லியாயிற்று, படம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகம் சுளித்தார்கள், சம்பந்தியம்மாளே பிறகு சரி என்றுவிட்டார். சீர்த்தட்டுக்கு மட்டும் பெரிய ஓலைத் தட்டு தேடிக்கொண்டிருக்கிறேன். தேங்காய், வெல்லம் கனம் தாங்க வேண்டும். எங்கே கிடைக்கும் என்று தெரிந்த வாசகியர் இந்தப் பகுதிக்கே எழுதுங்களேன்.

- ஓர் இல்லத்தரசி, திருநெல்வேலி