டயர் வாங்குமுன் எண்ணைப் பார்ப்போம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் அப்போலோ டயர் ஆலை இருக்கிறது. காரும் டயரும் நம் வட்டாரத்திலேயே உருவாகின்றன. ஆனால் டயரில் உள்ள எண்ணைப் படித்து வாங்குவோர் நம்மில் சிலரே.

185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். ரிம் 15 அங்குலம். அழகுக்காக 195/55 ஆர்16 போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய மாறாது. பக்கச்சுவர் மட்டும் 107 மில்லிமீட்டராகக் குறையும். பள்ளத்தின் அடியை முதலில் தாங்குவது அந்தச் சுவரும் உள்ளிருக்கும் காற்றும்தான். கன்டெய்னர் லாரிகள் ஓடும் நம் சாலைகளில் சுவர் குறைந்தால் அடி ரிம்முக்கும் நம் இடுப்புக்கும் போகும்.

எடை பார்க்காமல் மூட்டை வாங்குவோமா? டயரிலும் பாரக் குறியீடு உண்டு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். காரிலேயே சரக்கும் ஏற்றும் நாம் இதைக் குறைத்து வாங்கக் கூடாது. கார் நிறுவனம் குறித்த அளவே நமக்குப் போதும். கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவையும் மாதம் ஒருமுறை சரிபார்ப்போம்.

டயர் கடைக்காரரும் நம்மைப் போன்ற வணிகரே. அழகைச் சொல்லி விற்பது அவர் தொழில். எண்ணைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.