முத்திரை இல்லாத மட்டை

நான் வாங்கிக் கொடுத்த சாஃப்ட்பால் மட்டையை, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நடுவர் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். "இதுல முத்திரை இல்லீங்களே, இதை வெச்சு ஆட முடியாது" என்று கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். எல்லோரும் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்பிள்ளைகள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். கடைசியில் எதிரணியிடம் ஒரு மட்டையை இரவல் வாங்கி ஆடினார்கள். அது அவர்களுக்குக் கனம். பந்து வந்து போன பிறகுதான் மட்டை வந்தது. தோற்றுப்போனார்கள். மட்டையால்தான் தோற்றார்கள் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் தங்கள் மட்டையோடு ஆடித் தோற்றிருந்தால் எனக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும்.

இதைச் சொன்னபோது என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கொதித்தார். "பட்டிக்காட்டுப் பிள்ளைங்க ஆடுற ஆட்டத்துக்கு முத்திரை என்ன, முலாம் என்ன? எதை வெச்சும் அடிக்க விட வேண்டியதுதானே?" அவர் கட்சியில் நான் இல்லை.

பேரைக் கேட்டு ஏமாறக்கூடாது. சாஃப்ட்பால் பந்து மிருதுவான பந்து அல்ல. சுற்றளவு 12 அங்குலம், எடை 180 கிராமுக்கு மேலேயே இருக்கும், தலையில் பட்டால் தேங்காய் விழுந்த மாதிரிதான். பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசுகிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் இடையே 43 அடி. நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டில் இது 66 அடி. அமெரிக்க சாஃப்ட்பால் அமைப்பு, சோதனையில் பந்து மணிக்கு 98 மைலுக்கு மேல் பறந்தால் அந்த மட்டையை ஏற்பதில்லை. அந்த வேகத்தில் 43 அடியைக் கடக்க ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. நம் பிள்ளைகள் அவ்வளவு பலமாக அடிக்கப் போவதில்லைதான். ஆனாலும் எதிரே நிற்பவளும் ஒரு வீட்டுப் பெண்தானே?

2003ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 18 வயதுப் பையன் ஒருவன் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தான். அலுமினிய மட்டையிலிருந்து திரும்பி வந்த பந்து தலையில் பட்டு இறந்துபோனான். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2009ல் வந்த தீர்ப்பைக் கவனியுங்கள். மட்டையின் தயாரிப்பில் குறை இல்லை, ஆனால் அதன் ஆபத்தைச் சரியாக எச்சரிக்கவில்லை, அதுதான் குற்றம் என்று ஜூரிகள் சொன்னார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட குற்றம்! என் வழக்கும் அதேதான்.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை எப்போது சொல்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்த சுற்றறிக்கையை நான் மூன்று முறை படித்தேன். முப்பத்தைந்து வருடம் சுற்றறிக்கை படித்தே சம்பளம் வாங்கியவன். வயதுச் சான்று, தலைமையாசிரியர் கையொப்பம், புகைப்படம், வந்து சேர வேண்டிய நேரம் எல்லாம் இருந்தது. மட்டையைப் பற்றி "உபகரணங்களை அணியினரே கொண்டு வருதல் வேண்டும்" என்று ஒரே வரி. என்ன உபகரணம், என்ன அளவு, எந்த முத்திரை? ஒரு எழுத்து கிடையாது.

என் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். உடற்கல்வி ஆசிரியை என்னிடம், "ஐயா, நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, நீங்களே பார்த்து வாங்கிக் குடுங்க" என்றார். நான் பழைய புத்தியில் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்காரரைத் தேர்ந்தெடுத்தேன். 1,450 ரூபாய். பணி செய்த காலமெல்லாம் நாற்காலி முதல் கார்பன் பேப்பர் வரை இப்படித்தான் வாங்கினோம். ஆட்டத்துக்கு ஏற்றதா என்று ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு கட்டம் இருந்ததே இல்லை.

தோற்ற பிறகுதான் படித்தேன். உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பின் விதிப்படி சாஃப்ட்பால் மட்டை 86.4 சென்டிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது. தடித்த இடத்தில் விட்டம் 5.7 சென்டிமீட்டர். எடை 1,077 கிராம். இவையெல்லாம் உச்ச வரம்புகள். பேஸ்பால் மட்டை இதைவிடத் தடிமன், அதை இங்கே கொண்டு வரக்கூடாது. கடைக்காரருக்கே இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அவரிடம் மட்டை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கார் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அளவு சரியாக இருந்தாலும் போதாது. சோதனையில் தேறிய மாதிரிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு, மட்டையின் உடம்பிலேயே முத்திரை இருக்கும். கார்பன் இழை மட்டைகளில் இன்னொரு சங்கதி. அடிக்க அடிக்க உள்ளே இழை தளர்ந்து பந்து இன்னும் வேகமாகத் தெறிக்கும். புதிதில் தேறியது பழசானால் தேறாமல் போகலாம். விரிசல், நசுங்கல், உள்ளே கலகலவென்று சத்தம், எது இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும்.

பிள்ளைக்குப் பொருத்தம் பார்க்க ஆசிரியை சொன்ன வழி சுலபமானது. ஒரு கையால் மட்டையைப் பக்கவாட்டில் நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். சில வினாடியில் கை நடுங்கி இறங்கினால் அது அவளுக்கு ஆகாது. இதையும் நான் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

எழுதி வைக்காத விதி கிரிக்கெட்டிலும் பாடு படுத்தியிருக்கிறது. 1979 டிசம்பரில் பெர்த்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கியதும், பந்து கெடுகிறதென்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி முறையிட்டதும், லில்லி அதை வீசி எறிந்ததும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மட்டை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அன்றைய விதியில் சொல்லவில்லை, பிறகுதான் சேர்த்தார்கள். 2017 முதல் அகலம் 108 மில்லிமீட்டர், கனம் 67, விளிம்பு 40 என்று அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். 2025 ஐ.பி.எல்.லில் நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே அளவுச் சட்டத்தில் மட்டையை நுழைத்துப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. அளவு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே சொல்தா பென்ஷன்காரர்கள் மாலையில் பெத்தாங் ஆடுவார்கள். போட்டிக்கான இரும்புக் குண்டு 70.5 முதல் 80 மில்லிமீட்டர் விட்டம், 650 முதல் 800 கிராம் எடை இருக்க வேண்டும். தயாரித்தவர் அடையாளமும் எடையும் குண்டிலேயே வெட்டியிருக்கும். 'ஒமொலொகே' என்பார்கள், அங்கீகரிக்கப்பட்டது என்று அர்த்தம். படிக்காத கிழவனார்கூட வாங்கும்போதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தைத் தடவிப் பார்ப்பார். வெள்ளைக்காரன் ஒழுங்கு என்று இதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. நம் சோழ நாட்டிலேயே நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோவில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளக்க வந்த அதிகாரி கோல் சரியா தப்பா என்று யாரும் வந்து வைத்துப் பார்க்கலாம். நம்முடைய அளவு மட்டும் ஏன் யாரோ ஒருவர் சட்டைப்பைக்குள் இருக்கிறது?

அங்கீகாரம் பெற்ற மட்டைக்கு விலை கேட்டேன். நான் கொடுத்ததைப் போல ஏழெட்டு மடங்கு. அதை ஒவ்வொரு அரசுப் பள்ளியும் வாங்கு என்பது, வராதே என்று சொல்வதற்குச் சமம். பந்தைப் போட்டி நடத்துகிறவர்கள்தானே தருகிறார்கள்? மைதானத்துக்கு மூன்று முத்திரை மட்டை, கனத்தில் வேறுபட்டதாக வாங்கி வைத்து, இரண்டு அணியும் அதையே எடுத்து ஆடட்டும். அது முடியாதென்றால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே அளவையும் முத்திரைப் படத்தையும் ஒரே தாளில் அச்சடித்து அனுப்பட்டும். ஜெராக்ஸ் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

இந்த விதி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்டிருந்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தெளிவாக மூன்றே கேள்வி. "தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகக் கோப்புகளில் இல்லை" என்று பதில் வந்தது. கோப்பில் இல்லாத விதிதான் எங்கள் மட்டையை வெளியே வைத்திருக்கிறது. மேல்முறையீடு தட்டச்சாகி விட்டது, நாளை ஜெயங்கொண்டம் போய்த் தபாலில் சேர்ப்பேன்.

இதற்கிடையில் ஆசிரியைக்காக மறுபடியும் மூன்று கடைகளுக்கு எழுதினேன். இந்த முறை நீளம், விட்டம், எடை, முத்திரை எல்லாவற்றையும் குறிப்பிட்டு. இரண்டு கடையிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது கடைக்காரர் போன் செய்தார். "சார், முத்திரைன்னா எது? ஐ.எஸ்.ஐ.யா?"