எரிகுழியா? எரியுலையா?

ஓர் ஊர் தன் குப்பையை எங்கே கொட்டுகிறது என்று பார்த்தால், அவ்வூரை ஆள்வோர் எளியவரை எவ்வளவு மதிக்கின்றனர் என்பது விளங்கிவிடும். பாசறைக்கும் இதுவே அளவுகோல். பாலைநிலத்திலும் மலையிடுக்கிலும் கூடாரம் அடித்துத் தங்குவோர்க்கு உணவும் நீரும் படைக்கலமும் கொண்டு சேர்க்கத் திட்டம் வகுக்கின்ற அரசுகள், அவர்தம் கழிவுக்கு மட்டும் திட்டம் வகுப்பதில்லை. குழி தோண்டு, கொட்டு, கொளுத்து! இதுவே அவை கண்ட எளிய வழி. அவ்வழியின் விலை என்ன என்பதை ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் உலகின் பெருஞ்செல்வ நாடான அமெரிக்காவே காட்டிவிட்டது.

அங்கே படைஞர் ஒருவரால் நாளொன்றுக்குச் சற்றொப்ப 4.5 கிலோ கழிவு சேர்ந்தது. ஆயிரவர் தங்கிய பாசறையில் அது நாள்தோறும் 4 டன்னுக்கும் மேல். 2010 ஆகத்து மாத நிலவரப்படி ஆப்கானித்தானில் 251 எரிகுழிகளும் ஈராக்கில் 22 எரிகுழிகளும் எரிந்துகொண்டிருந்தன. ஈராக்கின் பலது வான்படைத் தளத்தில் மட்டும் ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில் குழி எரிந்தது. நெகிழி, உருளிப்பட்டை, மின்கலம், வண்ணக்குழம்பு, மருத்துவக் கழிவு என்று வேறுபாடின்றி அனைத்தையும் போட்டு, வானூர்தி எரியெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினர். எரியுலைகள் வந்த பின்னரே 2009-இல் அக்குழி மூடப்பட்டது.

திறந்தவெளி நெருப்பு கழிவை அழிப்பதில்லை. அதனைப் புகையாக்கி மூச்சுக்குள் அனுப்புகிறது. குறைந்த வெப்பத்தில் அரைகுறையாய் எரியும் நெகிழியிலிருந்து தயாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் பிறக்கின்றன. செவ்விய எரியுலையிலோ அறைகள் இரண்டு. முதலறையில் கழிவு எரியும். அங்கெழும் புகை இரண்டாம் அறையில் 850 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இரண்டு நொடியேனும் தங்கி மீண்டும் எரியும். அதனால் நஞ்சு பெரிதும் குறைகிறது. கழிவின் பருமனும் சிறு சாம்பற் குவியலாய்ச் சுருங்குகிறது. வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க சிறிய எரியுலைகளும் இதே முறையில் இயங்குவனவே.

இதனை அமெரிக்கா அறியாமல் இல்லை. தீங்குதரும் கழிவையும் மருத்துவக் கழிவையும், வேறு வழியே இல்லாவிடத்தன்றித் திறந்தவெளியில் எரிக்கலாகாது என 2009-இலேயே சட்டம் இயற்றியது. ஆப்கானித்தானில் ஒன்பது தளங்களில் 23 எரியுலைகளுக்காக ஏறத்தாழ 8.2 கோடி தாலர் செலவிட்டது. பயன் என்ன? அவற்றுள் எட்டு உலைகள் ஒருநாளும் எரிந்ததில்லை. அவற்றால் வீணானது 2.01 கோடி தாலர் என்று அந்நாட்டுக் கணக்காய்வு அறிக்கையே 2015-இல் கூறியது. சரானாத் தளத்தில் உலைகளை நெருக்கி அமைத்துவிட்டமையால், குப்பையைப் பொறியால் அள்ளிப்போட இடமில்லை; கையால்தான் போடவேண்டும். சலேர்னோத் தளத்தில் உலையைச் சுற்றி நீர் தேங்கிக் கொசுக்களுக்கு வளமான இடமாயிற்று. வேறோரிடத்தில் உலை இருந்தது. அதனை இயக்குவதற்கான ஒப்பந்தம் இல்லை. உலைகள் வாளா நிற்க, அருகிலேயே குழிகள் புகைந்தன.

உலையை வாங்குவது வேறு. உலையை எரிப்பது வேறு. பாசறை அமைந்து, ஆண்டுகள் கழிந்து, கட்டடம் எழும்பி, உலை எரியத் தொடங்கும் முன்பே படை வெளியேறுமானால் அவ்வுலை யாருக்கு? இங்கேதான் நடமாடும் எரியுலையின் தேவை விளங்குகிறது. முதற் கூடாரத்தோடு அது வந்து சேரவேண்டும். பாசறை பெயர்கையில் உடன் பெயரவேண்டும். ஆனால் அதுவும் மந்திரக்கோல் அன்று. ஈரக்குப்பையை இட்டால் எரியெண்ணெயை விழுங்கும். எனவே உணவுக் கழிவையும் மாழையையும் கண்ணாடியையும் மின்கலத்தையும் முதலிலேயே பிரித்தாக வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மாற்று உறுப்புகள் வேண்டும். நஞ்சு படிந்த சாம்பலை நிலத்தடி நீரில் கலவாமல் புதைக்க இடம் வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, தேவையற்ற நெகிழியைப் பாசறைக்குள் விடாதிருக்கும் உறுதி வேண்டும்.

இவற்றைச் செய்யாமையின் பின்விளைவு என்ன? நோயுற்றுத் திரும்பிய படைஞர் பல்லாண்டு இழப்பீடு வேண்டி நின்றனர். பெரும்பாலான வேண்டுகைகள் மறுக்கப்பட்டன. 2022 ஆகத்து 10-ஆம் நாள்தான், இருபதுக்கும் மேற்பட்ட நோய்களை எரிகுழிப் புகை முதலியவற்றால் வந்தனவாகவே கொள்ளும் சட்டம் அங்கு நிறைவேறியது. நன்று! ஆயினும் அச்சட்டம் அமெரிக்கப் படைஞர்க்கு உரியது. அதே காற்றை மூச்சிழுத்த ஈராக்கிய உழவனுக்கும் ஆப்கானியத் தாய்க்கும் அதில் இடமில்லை. புகைக்கு வேலி தெரியாது. சட்டத்திற்கு மட்டும் வேலி தெரிகிறது!

போர்ப்பாசறை ஆயினும், ஏதிலியர் பாசறை ஆயினும், சுரங்கத் தொழிலாளர் பாசறை ஆயினும் அறம் ஒன்றே. மாந்தரைக் கொண்டு குடியேற்றும் கையே அவர்தம் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். எரியுலைக்குப் பணமில்லை என்போர், பின்னர் மருத்துவமனைக்கும் இடுகாட்டிற்கும் செலுத்தும் விலையைக் கணக்கிடட்டும். கூடாரத்திற்குக் கயிறு கட்டும் நாளிலேயே குப்பைக்கும் வழி கண்டாக வேண்டும். மறுநாள் என்பது மிகப் பிந்திய நாள்.