பன்னிரண்டு பிரகிருதியின் கட்டளையா?

சங்கீதம் கற்றவர்களிடத்திலும் கல்லாதவர்களிடத்திலும் ஒரே விதமாகப் பரவியிருக்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. ஒரு ஸ்தாயிக்குள் சம தூரத்தில் அமைந்த பன்னிரண்டு ஸ்வரங்களே இருக்க முடியும் என்பதும், அவ்வேற்பாட்டைப் பிரகிருதியே செய்து வைத்தது என்பதும், அதற்கு இடையில் ஒலிப்பதெல்லாம் அபஸ்வரம் என்பதும் அந்த அபிப்பிராயத்தின் மூன்று அங்கங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்தாயியைப் பத்தொன்பதாகவும், இருபத்திரண்டாகவும், முப்பத்தொன்றாகவும், ஐம்பத்து மூன்றாகவும் சமபாகம் செய்து இசை அமைத்தவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘கணக்குத் தெரிந்த சிலருடைய விநோதம்’ என்று சொல்லி அதை முடித்துவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயம் முழுவதும் பிழை என்பதும், அதனால் சங்கீதத்துக்கு மெய்யான நஷ்டம் விளைகிறது என்பதும் என் கட்சி.

முதலில் பிரகிருதியையே விசாரிப்போம். ஒரு தந்தியில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் பஞ்சமம் பிறக்கிறது; ஐந்தில் நான்கு பங்கை மீட்டினால் அந்தர காந்தாரம்; ஆறில் ஐந்து பங்கை மீட்டினால் சாதாரண காந்தாரம். ஸ்தாயியை 1200 சென்ட்டாக வகுத்து அளக்கும் முறைப்படி இவை முறையே 702, 386, 316 சென்ட் என்ற இடங்களில் நிற்கின்றன. பன்னிரண்டு சமபாகத்தில் அமைந்த கட்டைகளோ 700, 400, 300 என்ற இடங்களில் நிற்கின்றன. பஞ்சமம் இரண்டே சென்ட் விலகியிருப்பதால் யாருக்கும் குறை இல்லை. ஆனால் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் ஏறியும், சாதாரண காந்தாரம் 16 சென்ட் இறங்கியும் நிற்பதை எந்தத் தம்புராவும் காட்டிக் கொடுத்துவிடும். நன்றாக ஜீவா சேர்ந்த தம்புராவின் ஷட்ஜத் தந்தியிலிருந்து மீட்டாமலே எழுகிறதே, நம் வித்வான்கள் ஸ்வயம்பு காந்தாரம் என்று கொண்டாடுகிறார்களே, அந்தக் காந்தாரம் ஹார்மோனியத்தின் காந்தாரக் கட்டையோடு சேராது. இரண்டையும் ஒருங்கே ஒலிக்கவிட்டால் விம்மல் எழும். தந்தியின் ஏழாவது அனுஸ்வரத்தைக் கேட்கவே வேண்டாம். அது 969 சென்ட்டில் நிற்க, மிக அருகிலுள்ள கட்டை 1000 சென்ட்டில் நிற்கிறது. பிரகிருதி செய்து வைத்த ஏற்பாடு என்றால் பிரகிருதியோடு அது இவ்வளவு தூரம் பிணங்குவானேன்?

பன்னிரண்டு பிறந்த விதம் வேறு. பஞ்சமத்தின் மேல் பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு ஸ்தாயிகளைக் கடந்து ஏறத்தாழ 23½ சென்ட் மிஞ்சுகிறது. இரண்டின் அடுக்கும் மூன்றின் அடுக்கும் ஒருபோதும் சமமாகா என்பதால், எத்தனை முறை ஏறினாலும் இந்த வழக்குத் தீராது. கட்டிலைவிட ஒரு சாண் நீண்ட பாயை என்ன செய்வது? உபரியை ஒரு மூலையில் மடித்து வைக்கலாம். அல்லது நெடுகிலும் கண்ணுக்குத் தெரியாதபடி சிறிது சிறிதாகச் சுருக்கிவிடலாம். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் முதல் வழியிலேயே சென்று, பழக்கமான ஸ்வரக்கூட்டுகள் இனிமையாகவும், அரிதாக வருபவை கரடுமுரடாகவும் ஒலிக்கும்படி ஆர்கனுக்கும் கிளாவியருக்கும் சுருதி கூட்டினார்கள். இரண்டாவது வழியின் கணக்கைச் சீன தேசத்து மிங் வம்சத்து இளவரசர் ஜு ஜாய்யு 1584-இல் பல இலக்கத் துல்லியத்தோடு முடித்துக் காட்டினார். ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் அதே கணக்கைத் தனியே கண்டார். ஆயினும் லண்டனில் பியானோ செய்த பிராட்வுட் நிறுவனத்தார் அதைத் தங்கள் பட்டறையின் வழக்கமாகக் கொண்டது 1846 வாக்கில்தான். எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டு வாசித்தாலும் ஒரே அளவு குறைவோடு, ஒரே அளவு சௌகரியத்தோடு வாசிக்கலாம் என்ற வசதி பெரிது. அந்த வசதியிலிருந்து வாக்னருடைய இசை போன்ற மகத்தான சிருஷ்டிகள் பிறந்ததையும் நான் மறுக்கவில்லை. பட்டறையில் செய்துகொண்ட ஒரு சமரசத்தைச் சிருஷ்டியின் சட்டம் என்று உபதேசிப்பதைத்தான் மறுக்கிறேன். சென்ட் என்ற அளவையையே நமக்குத் தந்த அலெக்ஸாண்டர் எல்லிஸ், பல தேசத்து வாத்தியங்களை அளந்து 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஸ்வர வரிசை என்பது எங்கும் ஒன்றாக இல்லை, அது இயற்கை விதித்ததும் இல்லை, மனிதர் தத்தம் ரசனைப்படி வகுத்துக்கொண்டதே என்ற முடிவுக்கு வந்தார். அவர் சொல்லி ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது.

பன்னிரண்டைத் தவிர மற்றச் சமபாகங்கள் நேற்று முளைத்தவை என்று நினைப்பவர்களுக்காகச் சிறிது சரித்திரம். நிக்கோலா விசென்டினோ என்ற இத்தாலியப் பாதிரியார் 1555-இல் வெளியிட்ட நூலில், ஒரு ஸ்தாயிக்கு 36 கட்டைகள் கொண்ட ஆர்க்கிசெம்பலோ என்னும் வாத்தியத்தை விவரித்தார். பிரெஞ்சுக்காரரான கீயோம் கோஸ்ட்லே, ஸ்தாயியைப் பத்தொன்பதாகப் பகுக்கும் எண்ணத்தோடு ஒரு பாடலை அமைத்து 1570-இல் அச்சிட்டார். சனியின் வளையத்தை விளக்கிய கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1691-இல் முப்பத்தொரு சமபாகத்தின் கணக்கை வெளியிட்டார். அந்த முப்பத்தொன்றின் ஓர் அடி 38.7 சென்ட். அதில் அந்தர காந்தாரம் 387 சென்ட்டில் விழுகிறது. ஸ்வயம்பு காந்தாரத்திலிருந்து ஒரு சென்ட்கூட விலகல் இல்லை. ஏழாவது அனுஸ்வரமும் ஒரு சென்ட் வித்தியாசத்தில் அகப்பட்டுவிடுகிறது. பஞ்சமம் மட்டும் ஐந்து சென்ட் தாழ்கிறது. நாஜிகள் ஹாலந்தை ஆக்கிரமித்திருந்த நாட்களில், பௌதிக சாஸ்திரத்தில் பெயர் பெற்ற அட்ரியான் ஃபோக்கர் ஹைகன்ஸின் எழுத்துக்களைப் படித்து இதில் மனம் தோய்ந்தார். அதன் பயனாக ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் மியூஸியத்தில் 1950-இல் முப்பத்தொரு ஸ்வர ஆர்கன் ஒன்று நிறுவப்பட்டது. ஹென்க் பாடிங்ஸ் முதலிய டச்சு இசையமைப்பாளர்கள் அந்த ஸ்வரங்களில் கிருதிகள் அமைத்தார்கள். இன்று அந்த ஆர்கன் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது, அதை வாசிக்கிறார்கள்.

‘சரி, கூடுதல் பாகம் செய்தால் கூடுதல் நுட்பம் கிடைக்கிறது, அவ்வளவுதானே’ என்று சமாதானம் சொல்பவர்களும் இந்தப் பொருளின் சாரத்தை அறியாதவர்களே. பன்னிரண்டை இரட்டித்து இருபத்து நான்காக்கினால் பஞ்சமமும் காந்தாரமும் ஓர் இம்மியும் திருந்துவதில்லை. 700-ம் 400-ம் அப்படியே நிற்கின்றன. பத்தொன்பதிலோ சாதாரண காந்தாரம் ஏறக்குறைய அப்பழுக்கின்றி அமைந்துவிடுகிறது. எண்ணிக்கை பெருகுவதால் நயம் பெருகும் என்பதில்லை. ஒவ்வோர் எண்ணும் தனக்கென்று ஒரு தர்மத்தை உடையது. இசை அமைப்பவன் அறிய வேண்டியது அந்தத் தர்மத்தை.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு தொடர வேண்டும். மேல்நாட்டு ஹார்மனியில் மிகச் சாதாரணமான ஒரு நடை உண்டு. ச-க-ப என்ற கூட்டில் தொடங்கி, த-ச-க என்ற கூட்டுக்கும், அதிலிருந்து ரி-ம-த என்ற கூட்டுக்கும், பிறகு ப-நி-ரி என்ற கூட்டுக்கும் சென்று, மறுபடி ச-க-ப என்று வீடு திரும்புவது. ஒரு கூட்டுக்கும் அடுத்ததற்கும் பொதுவான ஸ்வரத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டே செல்ல வேண்டும். பன்னிரண்டிலும் பத்தொன்பதிலும் முப்பத்தொன்றிலும் இப்படிச் சென்றால் புறப்பட்ட ஷட்ஜத்துக்கே வந்து சேர்வோம். இருபத்திரண்டு சமபாகத்தில் அப்படி வந்து சேர்வதில்லை. அங்கே பஞ்சமம் 13 அடி, சாதாரண காந்தாரம் 6 அடி. ஷட்ஜத்திலிருந்து 6 அடி இறங்கித் தைவதம். அங்கிருந்து 13 அடி இறங்கி ரிஷபம். அதிலிருந்து 9 அடி ஏறிப் பஞ்சமம். மறுபடி 13 அடி இறங்கி ஷட்ஜம். இறங்கியது 32; ஏறியது 9; நிகரம் 23. ஸ்தாயிக்கு 22 அடிதான் ஆகையால், வீடு என்று நினைத்து நாம் வந்து நிற்கும் ஷட்ஜம் பழைய ஷட்ஜத்துக்கு ஓர் அடி, அதாவது 54½ சென்ட் கீழே இருக்கிறது. நான்கு முறை சுற்றினால் நான்கு அடி கீழே போய்விடுவோம்; ஒவ்வொரு கூட்டும் தன்னளவில் குற்றமற்று ஒலித்துக்கொண்டிருக்க, முழு இசையும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். ஐம்பத்து மூன்றிலும் இதே நழுவல் 22½ சென்ட் அளவில் நிகழ்கிறது. இது குறையா? பன்னிரண்டின் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து திணிப்பவனுக்குக் குறைதான். அந்த நழுவலையே பாவமாக உபயோகிக்கத் தெரிந்தவனுக்கு, பியானோவில் எந்த மேதையாலும் செய்ய முடியாத ஒரு காரியம் அங்கே கைகூடுகிறது.

மறுபுறமும் உண்டு. பன்னிரண்டில் அந்தர காந்தார இடைவெளியை மூன்று முறை அடுக்கினால் ஸ்தாயி நிரம்பிவிடும். சாதாரண காந்தார இடைவெளியை நான்கு முறை அடுக்கினாலும் நிரம்பிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை ஓர் ஆதார ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் தாவியதெல்லாம் இந்த இரண்டு அற்புதங்களின் பலத்தால். முப்பத்தொன்றில் முன்னது ஓர் அடி குறையும். பின்னது ஓர் அடி மிஞ்சும். ஆகவே அந்தத் தாவல்கள் அங்கே நடவா. பன்னிரண்டுக்குரிய ஒரு கீதத்தை முப்பத்தொன்றில் வாசித்துவிட்டு, ‘ரம்மியமாக இல்லையே’ என்று தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது. சிக்காகோ சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஈஸ்லி பிளாக்வுட் இந்த நியாயத்தை உணர்ந்தே உழைத்தார். 13 முதல் 24 வரை ஒவ்வொரு சமபாகத்தையும் எடுத்து, அதில் எந்தக் கூட்டு நிம்மதி தரும், எந்த நடை முடிவுணர்ச்சி தரும் என்று ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இலக்கணத்தில் ஒவ்வொரு கிருதியாக மின்னணு வாத்தியத்துக்குப் பன்னிரண்டு கிருதிகள் அமைத்து 1980-இல் இசைத்தட்டாக வெளியிட்டார். என் மதிப்பில், இந்தத் துறையைப் பரிகசிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த இசைத்தட்டு. அதில் வரும் பத்தொன்பது சமபாகத்துக் கிருதியைக் கேட்டுவிட்டு, ‘இது வெறும் கணக்கு’ என்று சொல்ல மனச்சாட்சி உள்ள எவருக்கும் நா எழாது.

‘இவ்வளவு நுண்ணிய பேதங்கள் காதுக்குத் தெரியாவே’ என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பயின்ற செவி நடு ஸ்தாயியில் ஐந்தாறு சென்ட் வேற்றுமையை அறியக்கூடியது. முப்பத்தொன்றின் ஓரடி அதைப் போல ஆறு பங்குக்கு மேல்.

இனி நம்மவர்கள் சொல்லும் ஒரு வாதம். கர்நாடக சங்கீதத்திலும் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களே என்றும், எழுபத்திரண்டு மேளங்களும் அவற்றின் மேலேயே எழுந்தன என்றும், ஆகவே கிழக்கும் மேற்கும் ஒன்றுபட்ட இவ்விஷயம் பிரகிருதி நியதியே என்றும் சொல்கிறார்கள். ஸ்தானம் பன்னிரண்டு என்பது வேறு, பன்னிரண்டும் சம தூரத்தில் இருக்கின்றன என்பது வேறு. தோடியின் காந்தாரம் எந்தக் கட்டையில் நிற்கிறது? பைரவியின் தைவதங்களை எந்தக் கட்டையில் வைப்பது? கட்டை வாத்தியம் நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்ற எண்ணம் எவ்வளவு வலுவாக இருந்தது என்றால், அகில இந்திய வானொலி 1940 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் ஹார்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்தே விலக்கி வைத்திருந்தது. அந்த விலக்கு சரியா என்பது தனி வழக்கு. ஆனால் பன்னிரண்டு கட்டையும் நம் ஸ்வரங்களும் ஒன்றே என்று அந்த விலக்கை விதித்தவர்கள் கருதவில்லை.

சமபாகம் என்ற எண்ணமே நமக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயியைச் சமமான இருபத்து நான்கு சுருதிகளாகப் பகுப்பதே பண்டைத் தமிழிசையின் முறை என்று பக்கம் பக்கமாகக் கணக்கிட்டு நிறுவ முயன்றார். அதற்கு முந்தின ஆண்டு பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டில், இருபத்திரண்டு சுருதி என்ற கொள்கையுடையவர்களின் எதிரில் தம் கட்சியை எடுத்து வைத்தார். இரண்டின் மூலங்களை எடுத்து ஸ்தாயியைச் சமமாகப் பகுக்கும் கணக்கில் ஒரு தமிழ் வைத்தியர் அந்நாளில் கொண்டிருந்த ஊக்கத்தை நினைத்தால் இன்றும் வியப்பு எழுகிறது. அவரிடமும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பன்னிரண்டைச் சிலர் வைத்த சிங்காதனத்தில் அவர் இருபத்து நான்கை ஏற்றி, அதுவே மெய், ஏனையவை பொய் என்று வாதித்தார். பரத முனிவரின் இருபத்திரண்டு சுருதிகளை இருபத்திரண்டு சமபாகமாகவே கொண்டு பேசுபவர்களும் அதே தவற்றைச் செய்கிறார்கள். அவை சமம் என்பதற்குச் சாஸ்திரத்தில் ஐயமற்ற பிரமாணம் கிடையாது. சிங்காதனமே வேண்டாம் என்கிறேன். எந்த எண்ணுக்கும் மற்றவற்றை அபஸ்வரம் என்று தள்ளும் அதிகாரம் இல்லை.

முன்பெல்லாம் இத்தகைய முயற்சிக்குப் பெரும் பொருள் வேண்டியிருந்தது. கால் ஸ்வரத்தில் இசைநாடகம் அமைத்த செக் நாட்டு அலோய்ஸ் ஹாபாவுக்காகத் தனிப் பியானோ செய்ய வேண்டியிருந்தது. மெக்ஸிகோவின் ஹூலியன் காரில்யோ தம்முடைய நுண் ஸ்வரங்களுக்காகப் பதினைந்து பியானோக்களை வடிவமைத்தார். இன்று அந்தத் தடை இல்லை. கணிப்பொறியிலும் மின்னணு வாத்தியங்களிலும் ஸ்வரங்களின் இடத்தை விரும்பியபடி மாற்றலாம்; ஸ்காலா என்னும் நிரல் அதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. திரைக்கும் மேடைக்கும் இசை அமைக்கும் நம் இளைஞர்கள் நாள் முழுவதும் புழங்கும் கருவிகளிலேயே இந்த வசதி உறங்கிக்கொண்டிருக்கிறது. ‘கேட்பவர்கள் ஏற்கமாட்டார்கள்’ என்று அவர்கள் தயங்குவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது; கேட்பவர்களுக்கு ஒருமுறையாவது கொடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பத்தொன்பதில் தொடங்குங்கள், மேல்நாட்டு ஸ்வரலிபியை மாற்றாமலே அதில் எழுதலாம், ஷார்ப்பும் ஃபிளாட்டும் வெவ்வேறு ஸ்வரங்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காது பழகிய பிறகு முப்பத்தொன்றுக்குப் போங்கள். துணிவு பிறந்ததும் இருபத்திரண்டில் அந்த நழுவும் ஷட்ஜத்தைச் சோதித்துப் பாருங்கள். பன்னிரண்டைத் துறக்கும்படி நான் கேட்கவில்லை. அதற்கு வெளியே உள்ளதை அபஸ்வரம் என்று தீர்ப்பளிக்கும் முன், அதனதன் தர்மப்படி ஒரு பாட்டையாவது அமைத்துக் காதால் கேட்டுவிட்டு அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன்.